அடாப்டரை நீக்கும் முன், அதன் சொந்தக்காரர் யார் என்று பாருங்கள்

லேப்டாப்பில் வைஃபை இழுக்க ஆரம்பித்ததும் நம்மில் பலர் செய்யும் முதல் காரியம், செட்டிங்ஸைக் கிண்டுவது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மறைந்திருப்பவற்றையும் காட்டச் சொல்லி, 'நெட்வொர்க் அடாப்டர்ஸ்' பகுதியை விரித்தால் தலை சுற்றும். லேப்டாப்பில் இருப்பது ஒரே ஒரு வைஃபை கார்டு. பட்டியலிலோ பத்துப் பெயர்கள். 'மைக்ரோசாஃப்ட் வைஃபை டைரக்ட் விர்ச்சுவல் அடாப்டர்' என்று ஒன்று. அதே பெயரில் '#2' என்று இன்னொன்று. கீழே வரிசையாக மினிபோர்ட்கள். "இதெல்லாம் யாரு வச்சது? நம்ம மெஷினை யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?" என்ற சந்தேகம் வருவது இயல்புதான்.

அடுத்த நிமிடம் இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, எல்லாவற்றையும் ரைட் கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுப்பது. இன்னொன்று, தேடலில் முதலில் வரும் ஏதோ ஒரு 'கிளீனர்' மென்பொருளை இறக்குவது. இரண்டுமே வேண்டாம். எப்படி நீக்குவது என்பது இரண்டாவது கேள்வி. இதை இங்கே வைத்தது யார் என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்தால் பாதிப் பிரச்சினை எதையும் நீக்காமலே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்கு, அடாப்டரை மட்டும் நீக்குவது போதாது என்பதும் புரிந்துவிடும்.

ஒரே ஆள், இரண்டு பலகை

சின்ன ஊர் தபால் நிலையத்தை நினைத்துப் பாருங்கள். தபால்தலை விற்பவரும் அவர்தான், சேமிப்புக் கணக்கில் பணம் வாங்கிக்கொள்பவரும் அவர்தான். பலகை இரண்டு, ஆள் ஒருவர். விர்ச்சுவல் அடாப்டரும் இப்படித்தான். உங்கள் வைஃபை கார்டு வீட்டு ரவுட்டருடன் பேசிக்கொண்டே, பக்கத்தில் இருக்கும் போனுக்கு ஹாட்ஸ்பாட்டும் கொடுக்க வேண்டும் என்றால், அந்த இரண்டாவது வேலைக்கு விண்டோஸ் இன்னொரு பலகையை மாட்டுகிறது. புதிதாக எந்த வன்பொருளும் வருவதில்லை.

இது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. ஒரே வைஃபை கார்டை வைத்து ஒன்றுக்கு மேற்பட்ட நெட்வொர்க்கில் இணைவது எப்படி என்று மைக்ரோசாஃப்டின் ஆய்வுப் பிரிவு 2000-களின் தொடக்கத்திலேயே வேலை செய்தது. மல்டிநெட் என்று தொடங்கிய அந்த ஆய்வு, பின்னர் விர்ச்சுவல் வைஃபை எனப் பெயர் மாறியது. 2009-ல் வெளியான விண்டோஸ் 7 மூலம் அது சாதாரணப் பயனாளர்களின் கணினிக்கும் வந்தது. 2010-ல் வைஃபை அலையன்ஸ் அமைப்பு, ரவுட்டர் இல்லாமல் இரண்டு கருவிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும் 'வைஃபை டைரக்ட்' முறைக்குச் சான்றிதழ் தரத் தொடங்கியது. விண்டோஸ் 8 முதல் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. லேப்டாப் திரையை டிவிக்கு அனுப்புவது, மொபைல் ஹாட்ஸ்பாட் போடுவது எல்லாம் இன்று இதை நம்பித்தான் நடக்கின்றன.

மினிபோர்ட்களும் அப்படித்தான். விபிஎன், டயல்-அப் போன்ற இணைப்புகளுக்காக விண்டோஸ் தானே வைத்திருக்கும் பாகங்கள் அவை.

'மீடியா டிஸ்கனெக்டட்' என்று காட்டிக்கொண்டு சும்மா கிடக்கும் வைஃபை டைரக்ட் அடாப்டர் வழியாக எந்தத் தரவும் போவதில்லை. உங்க நெட் ஸ்லோவா இருக்க அது காரணம் இல்லை. ஹாட்ஸ்பாட் தெரியாமல் ஆன் ஆகிக் கிடந்தால் கதை வேறு. ஒரே ரேடியோ இரண்டு வேலை பார்ப்பதால் வேகம் பங்கு போடப்படும். அப்போதும் தீர்வு ஹாட்ஸ்பாட்டை ஆஃப் செய்வதுதான். அடாப்டரை அன்இன்ஸ்டால் செய்தால் பெரும்பாலும் ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். டிசேபிள் செய்து வைத்தால், ஒரு நாள் அவசரத்துக்கு ஹாட்ஸ்பாட் போடும்போது வேலை செய்யாது. ஏன் என்று உங்களுக்கே நினைவிருக்காது.

உண்மையிலேயே தொல்லை தருபவை

அதற்காக எல்லா விர்ச்சுவல் அடாப்டரும் சாது என்று சொல்லவில்லை. தொல்லை தருபவை பெரும்பாலும் நாமோ நம் அலுவலகமோ நிறுவிய மென்பொருள்களுடன் வந்தவை.

முதலாவது, விபிஎன். ஓப்பன்விபிஎன் வகை மென்பொருள்கள் 'டேப்' என்ற பெயரில் ஒரு அடாப்டரை வைக்கும். வயர்கார்டு வகை 'வின்டன்' அடாப்டரைப் பயன்படுத்தும். விபிஎன் பாதியில் அறுந்தாலோ, மென்பொருளை அரைகுறையாக நீக்கினாலோ, அது மாற்றிவைத்த டிஎன்எஸ் முகவரியும், இணையத்தைத் தடுத்து நிறுத்தும் 'கில் ஸ்விட்ச்' விதிகளும் அப்படியே தங்கிவிடலாம். வைஃபை முழுசாக் காட்டும், ஆனால் ஒரு பக்கம்கூடத் திறக்காது.

இரண்டாவது, ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்கள். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், ஹைப்பர்-வி எல்லாம் தங்களுக்கென்று அடாப்டர் வைத்துக்கொள்ளும். சில மென்பொருள்கள் உங்கள் நிஜ வைஃபை அடாப்டரின் ப்ராப்பர்டீஸ் பட்டியலிலும் ஒரு டிக் குறியுடன் ஒட்டிக்கொள்ளும். விர்ச்சுவல்பாக்ஸின் பிரிட்ஜ்டு நெட்வொர்க்கிங் டிரைவர் அப்படி ஒன்று. வைஃபை அடிக்கடி அறுந்தால், அந்த டிக்கை எடுத்துப் பார்ப்பது அடாப்டரை நீக்குவதைவிடப் பயன் தரும்.

மூன்றாவது, முகவரி மோதல். டாக்கர் வழக்கமாக 172.17 என்று தொடங்கும் உள்முகவரிகளை எடுத்துக்கொள்ளும். உங்கள் அலுவலக நெட்வொர்க்கும் அதே வரிசையைப் பயன்படுத்தினால், அலுவலக சர்வருக்குப் போக வேண்டிய தரவு உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். "எல்லா சைட்டும் வருது, ஆபீஸ் சைட் மட்டும் வரல" என்று புலம்பும் டெவலப்பர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

இந்த மூன்றிலும் ஒன்றைக் கவனியுங்கள். நோய் அடாப்டரில் இல்லை. அதை வைத்த மென்பொருளில், அதன் அமைப்பில் இருக்கிறது.

பயப்பட வேண்டிய பெயர் எது?

2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை, '911 எஸ்5' என்ற மாபெரும் பாட்நெட்டை முடக்கியதாக அறிவித்தது. அதனுடன் தொடர்புடைய ஐபி முகவரிகள் 1.9 கோடிக்கும் மேல். அந்தக் கணினிகளுக்குள் அது நுழைந்த வழிகளில் முக்கியமானது இலவச விபிஎன். மாஸ்க்விபிஎன், டியூவிபிஎன், ஷைன்விபிஎன் போன்ற பெயர்களில் மக்கள் தாங்களே நிறுவிக்கொண்டார்கள். பின்னணியில் அவர்களின் இணைய இணைப்பு குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டது. மோசடி செய்தவர் எங்கோ இருப்பார். பதிவில் இருப்பதோ உங்கள் வீட்டு ஐபி முகவரி. இந்தப் பெயர்கள் கணினியில் இருக்கின்றனவா என்று பார்த்து நீக்கும்படி எஃப்பிஐ தனியாக வழிகாட்டுதலே வெளியிட்டது.

இதில் உள்ள முரணைப் பாருங்கள். 'மைக்ரோசாஃப்ட் வைஃபை டைரக்ட்' என்ற அப்பாவிப் பெயரைப் பார்த்துப் பயப்படுகிறோம். 'ஃப்ரீ விபிஎன்' என்று அழகான ஐகானுடன் வந்ததை நம்பி உள்ளே விடுகிறோம். பின்னதை டிவைஸ் மேனேஜரில் தேடி அடாப்டரை மட்டும் அழித்தாலும், பின்னால் ஓடும் மென்பொருள் அப்படியே இருக்கும்.

இந்தப் பயத்தையே தொழிலாக்கியவர்களும் உண்டு. 'டெக் சப்போர்ட்' என்று போன் செய்யும் மோசடிக்காரர்கள், ஈவென்ட் வியூவரில் வழக்கமாக வரும் எச்சரிக்கைகளையும், நெட்ஸ்டாட் கட்டளை காட்டும் 'ஃபாரின் அட்ரஸ்' என்ற தலைப்பையும் காட்டி, "வெளிநாட்டிலிருந்து உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்துட்டாங்க சார்" என்று மிரட்டுவது பழைய தந்திரம். புரியாத அடாப்டர் பட்டியலும் அவர்களுக்கு இன்னொரு ஆயுதம்தான். ரிமோட் ஆக்சஸ் கொடுத்துப் பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

சரி, என்ன செய்யலாம்?

அலுவலக லேப்டாப் என்றால் எதையும் தொடாதீர்கள். ஐடி பிரிவுக்கு ஒரு டிக்கெட் போடுங்கள். நீங்கள் அழிக்கப்போவது, திங்கட்கிழமை காலை நீங்கள் லாகின் செய்ய வேண்டிய விபிஎன்னின் அடாப்டராக இருக்கலாம்.

சொந்த லேப்டாப் என்றால், சந்தேகப்படும் அடாப்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் போங்கள். 'டிரைவர்' பகுதியில் டிரைவரை வழங்கியவர் யார், டிஜிட்டல் கையொப்பம் யாருடையது, தேதி என்ன என்று இருக்கும். பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், கையொப்பத்தைப் போலியாக்குவது கடினம்.

சொந்தக்காரர் விண்டோஸ் என்றால் விட்டுவிடுங்கள். சொந்தக்காரர் உங்களுக்கு இனி தேவையில்லாத மென்பொருள் என்றால், முதலில் அந்த மென்பொருளை முறைப்படி அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதற்குப் பிறகும் அடாப்டர் மங்கலான நிறத்தில் மிச்சமிருந்தால், அப்போது அதை நீக்கலாம். யார் என்றே தெரியவில்லை என்றால் அன்இன்ஸ்டால் செய்யாமல் டிசேபிள் செய்து இரண்டு நாள் பாருங்கள். ஏதாவது வேலை செய்யவில்லையென்றால் ஒரே கிளிக்கில் மீட்டுவிடலாம். கூடவே விண்டோஸ் செக்யூரிட்டியில் முழு ஸ்கேன் ஒன்றும் ஓட்டிவிடுங்கள்.

'நெட்வொர்க் ரீசெட்' என்பது கடைசி வழி. அது எல்லா அடாப்டரையும் எடுத்துவிட்டுத் திரும்பப் போடும். விபிஎன், விர்ச்சுவல் ஸ்விட்ச் போன்றவற்றை நீங்கள் மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

பழி பயனாளர் மீது மட்டுமா?

"எனக்குத் தேவையில்லாதது என் கணினியில் ஏன் இருக்கணும்?" என்ற கேள்வி நியாயமானது. பயனாளர் துப்பறிவாளராக மாற வேண்டியிருப்பது மென்பொருள் நிறுவனங்களின் குறைதான். ஆண்ட்ராய்டு போனில் ஒரு செயலி விபிஎன் இணைப்பு கேட்டால் தனியாக அனுமதி கேட்கும். இணைப்பு இருக்கும்வரை மேலே சாவிக் குறி தெரியும். யார், எப்போது என்பது ஒரு பார்வையில் புரிகிறது. லேப்டாப்பில், நிறுவும்போது அவசரத்தில் நாம் அமுக்கும் ஒரு 'யெஸ்'ஸுடன் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிறகு மிஞ்சுவது 'லோக்கல் ஏரியா கனெக்‌ஷன்* 9' போன்ற, யாருக்கும் எதுவும் சொல்லாத பெயர்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு விர்ச்சுவல் அடாப்டருக்குப் பக்கத்திலும் அதை வைத்த மென்பொருளின் பெயர் சாதாரண செட்டிங்ஸ் பக்கத்திலேயே தெரிய வேண்டும். மென்பொருளை நீக்கினால் அதன் அடாப்டரும், அது போட்ட விதிகளும் சேர்ந்து போக வேண்டும். வாடகைக்கு இருந்தவர் காலி செய்யும்போது தன் சாமானையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது மாதிரிதான். இதைச் செய்யாத விபிஎன் நிறுவனத்துக்கு, அடுத்த முறை சந்தா கட்டுவதா என்று யோசிக்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

அதுவரை, எந்த இலவச மென்பொருள் 'யெஸ்' கேட்டாலும் அமுக்கும் முன் பத்து நொடி நிறுத்தி வெளியீட்டாளர் பெயரைப் படியுங்கள். பிற்பாடு டிவைஸ் மேனேஜரில் தேடும் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.