மஃப்ளருக்குள் என்ன இருக்கிறது?

கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை பசவனகுடி நந்தி கோவிலைச் சுற்றிக் கடலைக்காய்த் திருவிழா தொடங்கும். அதே நாட்களில் பெங்களூரில் இன்னொரு திருவிழாவும் தொடங்கிவிடுகிறது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து பாச்சை உருண்டை வாசனையோடு மஃப்ளர்கள் கீழே இறங்குகின்றன. காலை ஆறரை மணிக்கு லால்பாக் வாசலில் நின்று பார்த்தால் போதும். தலையைச் சுற்றி, காதை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டு, கண்ணும் மூக்கும் மட்டும் தெரிய மனிதர்கள் வரிசையாக வருவார்கள். யார் யாருடைய மாமனார் என்று சொல்வது கஷ்டம்.

டில்லியிலிருந்து மாற்றலாகி வருபவர்களுக்கு இது வேடிக்கை. ஜனவரியில்கூட இந்த நகரத்தின் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாக 15, 16 டிகிரிதான். இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பார்கள். ஆனால் 'மஃப்ளர்மேன்' என்று பெயரெடுத்த அரவிந்த் கேஜ்ரிவால், விடாத இருமலுக்கு இயற்கை வைத்தியம் பார்த்துக்கொள்ள 2015 மார்ச்சில் வந்தது பெங்களூருக்குத்தான். சென்னைவாசிகள் சிரிக்க முடியாது. 20 டிகிரிக்கே மஃப்ளர் தேடும் மார்கழி அவர்களுடையது.

நகரத்தில் பதிவான மிகக் கடுங்குளிர் 7.8 டிகிரி. அது 1884 ஜனவரி 13ஆம் தேதி. அப்படி ஒரு நாள் திரும்பி வரவில்லை. எனினும் இந்த ஊரின் தொல்லை குளிரின் அளவில் இல்லை, ஒரே நாளில் அது ஏறி இறங்கும் வேகத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரம். மேகமில்லாத இரவு வானம். விடியற்காலையில் 15 டிகிரி, மதியம் 27 டிகிரி. காலையில் போட்ட ஸ்வெட்டர் பத்தரை மணிக்குப் பாரமாகிவிடும். மஃப்ளரோ நான்காக மடித்தால் கைப்பைக்குள் அடங்கிவிடும். போடுவதும் கழற்றுவதும் நொடி வேலை. இந்த ஊரின் பனிக்காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான உடை கிடையாது.

காது வழியாகப் பனி இறங்கி ஜலதோஷம் பிடிக்கும் என்பது பாட்டிகளின் நம்பிக்கை. ஜலதோஷம் வைரஸால் வருவது. காதைக் கட்டிக்கொண்டால் வைரஸ் ஏமாந்துவிடாது. ஆனால் பாட்டி முற்றிலும் தவறும் அல்ல. ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் குளிர்ந்த, வறண்ட காற்று மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். மூக்கையும் வாயையும் மஃப்ளரால் லேசாக மூடிக்கொண்டால், வெளிவிடும் மூச்சின் சூடும் ஈரமும் துணியில் தங்கி, உள்ளே போகும் காற்றை இதமாக்குகின்றன. மகரந்தத்துக்கும் தூசிக்கும் பெயர்போன ஊரில் இது சாதாரண உதவி அல்ல.

குளிர் 7.8 டிகிரியைத் தொட்ட அதே 1884ஆம் ஆண்டில்தான் பெங்களூர் வுல்லன், காட்டன் அண்டு சில்க் மில்ஸ் என்ற நிறுவனம் உருவானது. இரண்டே ஆண்டுகளில் அது சென்னையின் பின்னி கம்பெனியின் நிர்வாகத்துக்கு வந்தது. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைகளை அறிந்த தமிழர்களுக்கு இது பெங்களூர்ப் பங்காளி. இங்கே நெய்த கம்பளிகள் நாடு முழுவதும் போயின. பல்லாயிரம் தொழிலாளர்களில் தமிழர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. இன்று அங்கே தறிச் சத்தம் இல்லை. ஆலை இருந்த நிலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. பின்னிப்பேட்டை என்ற பெயர் மட்டும் மிச்சம்.

இப்போது நகரத்தின் கழுத்தை மூடுவது வெளியூர்ச் சரக்கு. பைலகுப்பே, முண்டகோடு போன்ற திபெத்தியக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள் பனிக்காலம் வந்ததும் நாட்டின் பல நகரங்களுக்குச் சென்று கம்பளி உடை விற்பது பல பத்தாண்டுகளாக நடந்துவரும் வழக்கம். சரக்கு பெரும்பாலும் லூதியானாவில் வாங்கியது. அவர்களைத் தவிர, நடைபாதையெங்கும் மஃப்ளர்கள் மலையாகக் குவிந்திருக்கின்றன. 'கம்பளியா?' என்று கேட்டால் 'கம்பளிதான்' என்று பதில் வரும். கேள்வியும் பதிலும் பொய்யில்லை. பேச்சு வழக்கில் குளிருக்குப் போடும் எல்லாமே கம்பளிதான். உண்மையில் அவற்றில் மிகப் பெரும்பாலானவை அக்ரிலிக். அதாவது, பெட்ரோலியத்திலிருந்து பிறந்த செயற்கை இழை. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பின்னிய 'காஷ்மிலான்' நூலும் இந்த வகைதான். ஜப்பானிய நிறுவனம் ஒன்று தன் அக்ரிலிக் இழைக்குச் சூட்டிய பெயர் அது. காஷ்மீர் ஆட்டுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

அசலைக் கண்டுபிடிப்பது எப்படி? முதலில் உள்பக்கம் தைத்திருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். 'வுல் டச்', 'வுல் ஃபீல்' என்றெல்லாம் இருந்தால் அதில் ஆடு சம்பந்தப்படவில்லை என்று பொருள். 'ப்யூர் நியூ வுல்' என்ற சொற்களும், 1964இல் அறிமுகமான, நூல் உருண்டை போன்ற வுல்மார்க் சின்னமும் இருந்தால் நம்பலாம். சீட்டே இல்லையென்றால் நெருப்புதான் நீதிபதி. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். அசல் கம்பளி முடி கருகும் நாற்றத்தோடு மெல்லக் கருகும். தீயை விலக்கினால் தானே அணையும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக்கொண்டே எரியும். ஆறியபின் கறுப்பாக, கெட்டியான மணி போல் நிற்கும். இரண்டும் கலந்த நூலானால் இரண்டின் குணமும் கலந்து தெரியும்.

கம்பளி என்று உறுதியானபின் அடுத்த கேள்வி, கழுத்து அதைப் பொறுத்துக்கொள்ளுமா என்பது. இழையின் பருமனை மைக்ரானில் அளக்கிறார்கள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 30 மைக்ரானுக்கு மேல் பருத்த இழைகள் தோலைக் குத்தும். சித்ரதுர்கா மாவட்டத்துச் சள்ளகெரே பக்கம் குறும்பர்கள் தக்காணத்து ஆட்டு ரோமத்தில் நெய்து, புளியங்கொட்டைக் கஞ்சி போட்டு முறுக்கேற்றும் கறுப்புக் கம்பளி மழைக்கும் பனிக்கும் அரண். ஆனால் கழுத்துக்கு அது ஆகாது. மெரினோ ஆட்டின் இழை 24 மைக்ரானுக்குக் கீழே இருப்பதால் உறுத்தாது. பஷ்மினா அதைவிட மெல்லியது, சுமார் 12 முதல் 16 மைக்ரான். 2008இல் புவிசார் குறியீடு பெற்ற காஷ்மீர் பஷ்மினா கையால் நூற்றுக் கையால் நெய்வது. சில நூறு ரூபாய்க்கு நடைபாதையில் அது கிடைக்காது. கடையில் வாங்கும்போது உள்ளங்கையில் தொட்டுப் பார்ப்பது பயனில்லை. கழுத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார்க்க வேண்டும்.

அக்ரிலிக்கைத் திட்டித் தீர்க்கவும் கூடாது. விலை குறைவு, எடை குறைவு, துவைப்பது எளிது, பூச்சி அரிக்காது. ஆனால் அது ஈரத்தை உறிஞ்சுவதில்லை. வேர்வை கழுத்திலேயே தங்கிச் சில்லிட்டுப் போகும். கம்பளியோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் நனைந்ததாகத் தோன்றாது. இதைவிட முக்கியமானது நெருப்பு. விடியுமுன் கே.ஆர். மார்க்கெட்டில் பூக்கூடை இறக்குபவர்கள், தெருக்கூட்டும் பௌரகார்மிகர்கள், இரவுக் காவலாளிகள் ஆகியோரில் பலர் சருகும் அட்டையும் கொளுத்திக் குளிர்காய்கிறார்கள். ஒரு பொறி பட்டால் கம்பளி கருகி அணையும். அக்ரிலிக் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அசல் கம்பளி யாருக்கு மிகவும் தேவையோ, அவர்கள் கழுத்தில்தான் உருகும் சரக்கு இருக்கிறது.

அணிவதிலும் ஒரு முறை உண்டு. நீளவாக்கில் இரண்டாக மடித்து, கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனைகளையும் சட்டைக்குள்ளோ ஸ்வெட்டருக்குள்ளோ செருகிவிடுவதே சிறந்தது. மடிப்புகளுக்கிடையே தங்கும் காற்றுதான் சூட்டைக் காப்பாற்றுகிறது. இறுக்கிக் கட்டினால் காற்றும் போகும், மூச்சும் முட்டும். இருசக்கர வாகனங்களின் தலைநகரமான பெங்களூரில் முனைகளைக் காற்றில் பறக்கவிடுவது அபாயம். 1927 செப்டம்பர் 14ஆம் தேதி பிரான்ஸின் நீஸ் நகரில் நடனமணி இசடோரா டங்கன், கழுத்தில் அணிந்திருந்த நீண்ட பட்டுத் துணி கார்ச் சக்கரத்தில் சிக்கி இறந்தார். நம் ஊரில் துப்பட்டா சிக்கிய விபத்துகள் அடிக்கடி செய்தியாகின்றன. ஹெல்மெட்டுக்குள் மஃப்ளரைத் தலைப்பாகை போலச் சுற்றுவதும் தவறு. ஹெல்மெட் தலையோடு பொருந்தி உட்காராது, விழுந்தால் கழன்றுவிடும். சிறு குழந்தைகளுக்கு மஃப்ளரே வேண்டாம். ஊஞ்சலிலோ சறுக்குமரத்திலோ மாட்டினால் கழுத்தை இறுக்கும். அவர்களுக்குக் குல்லாவும் கழுத்து மூடிய ஸ்வெட்டரும் போதும்.

கம்பளியைப் பெரும்பாலும் பாழாக்குவது உபயோகம் அல்ல, சலவை. அதன் இழையில் மீன் செதில் போன்ற அடுக்குகள் உண்டு. சுடுநீரில் போட்டுக் கசக்கினால் செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். மாமனாரின் மஃப்ளர் பேரனுக்கும் போதாமல் போவது இப்படித்தான். ஆகவே பச்சைத் தண்ணீரில், பூந்திக்கொட்டை நீரிலோ கம்பளிக்கென்று விற்கும் திரவ சோப்பிலோ சில நிமிடம் ஊறவைத்து, கசக்காமல் அமுக்கி அலச வேண்டும். குளோரின் பிளீச் பக்கமே போகக்கூடாது. கம்பளி நம் தலைமுடியைப் போல் புரதத்தால் ஆனது; பிளீச் அதைக் கரைத்துவிடும். முறுக்கிப் பிழியாமல், துண்டுக்குள் வைத்துச் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் தட்டையாக விரித்து உலர்த்த வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையில் நீண்டுவிடும். வாரந்தோறும் துவைக்கவும் தேவையில்லை. அணிந்தபின் ஓர் இரவு காற்றாட விட்டால் வாடை போய்விடும்.

மகா சிவராத்திரியன்று பனி 'சிவ சிவா' என்று போய்விடும் என்பது கன்னடர்கள் சொல்லும் வழக்கு. அதன்பின் மஃப்ளர் மீண்டும் மேல்தட்டுக்குப் போகும். அங்கே அந்துப்பூச்சி காத்திருக்கிறது. துணியை அரிப்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. வேர்வையும் உணவுக் கறையும் படிந்த கம்பளி அதற்குக் கல்யாண விருந்து. எனவே துவைத்து, நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத பையில் வைப்பதே முதல் காவல். வேப்பிலையும் வசம்பும் வைக்கும் வழக்கம் உண்டு. ஆனால் அழுக்கோடு மடித்த துணியை அவை காப்பாற்றா. பாச்சை உருண்டை விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள பச்சிளம் குழந்தைகளுக்கு நாப்தலின் ஆவி ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையில் கொண்டு விடக்கூடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் அந்த உருண்டை வேண்டாம்.

இத்தனை கவனமாகப் பார்த்துக்கொண்டால் நல்ல கம்பளி மஃப்ளர் இருபது வருடம்கூட உழைக்கும். ஒன்றுக்கு மேல் இருப்பவர்கள், மூட்டை கட்டும் நாளில் ஒரு கணம் யோசிக்கலாம். குடியிருப்பு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பையன். டிசம்பர் முழுக்க அவன் கழுத்தில் சுற்றியிருந்தது பருத்தித் துண்டு. வீட்டில் கழித்துக் கட்டிய பழைய அக்ரிலிக்கை அவனிடம் தள்ளிவிட்டு, அசலைப் பூச்சிக்குப் பாதுகாப்பது பலரின் வழக்கம். மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனை இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தமிழர்கள் கொண்டாடுகிறார்கள். அவன் கொடுத்தது, பழசென்று ஒதுக்கியதை அல்ல.