கரிப்புகையும் நகராட்சி உரிமையும்

பூமி வெப்பமடைந்து வருகின்றது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் கரியமிலவாயுவே அதற்குத் தலையாய காரணம். இது இன்று விவாதத்துக்குரிய விடயமன்று. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 2030இல் மின்சாரத்தின் 70 வீதத்தை நீர், காற்று, சூரியன் போன்ற வற்றாத மூலங்களிலிருந்து பெறுவோம் என்றும், 2050இல் கரியமிலவாயுக் கணக்கைச் சமன் செய்வோம் என்றும் நமது அரசாங்கம் உலகத்தின் முன் வாக்களித்திருக்கின்றது. வாக்களித்தது நாடு. அதைப் பெருமளவில் நிறைவேற்றவேண்டிய இடமோ நகரம். ஆகவே, நாட்டின் பெருநகராகிய கொழும்பு தனது புகையைக் குறைக்க வல்லதா, அதற்கான அதிகாரம் எவர் கையில் இருக்கின்றது என்று கேட்பது நமது கடமையாகும்.

இக்கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடை நாமெல்லோரும் அறிந்ததே. விளக்கை அணையுங்கள், மரம் நடுங்கள், நடந்து செல்லுங்கள் என்பர். நல்ல புத்திமதிதான், எவரும் குறைகூறார். ஆனால், புத்திமதி கூறுவதோடு ஆட்சியாளரின் பொறுப்பு தீர்ந்துவிடுமா? நேரத்துக்கு வராத பஸ்ஸுக்காக வெள்ளவத்தையில் வெயிலில் காத்துநிற்பவனிடம் மோட்டார்ச் சைக்கிள் வாங்காதே என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு?

மக்கள் தம் தேவைகளைச் சுருக்கிக்கொண்டால் புகை தானாகக் குறையும் என்போருக்கும் ஒரு சொல். 1990ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தடை இருந்தது; மின்சாரம் இல்லை. மக்கள் துவிச்சக்கரவண்டியில் சென்றனர். சிறு போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்தனர். 2022ஆம் ஆண்டு நாடு முழுவதுமே எண்ணெய் வரிசையில் நின்றது. அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்தது. அக்காலங்களில் எரிபொருள் எரிந்தது குறைவே. அதைச் சாதனை என்று எவரேனும் கூறுவரா? இல்லாமையால் குறைவது வேறு. ஏற்பாட்டினால் குறைவது வேறு. முன்னது தண்டனை, பின்னது ஆட்சி.

அந்த ஏற்பாட்டைச் செய்யும் ஆற்றல் கொழும்பு மாநகரசபைக்கு ஒருகாலத்தில் இருந்தது என்பதை இன்று பலர் மறந்துவிட்டனர். 1944இல் தனியார் கம்பனியிடமிருந்து மின்சார ட்ராம் வண்டிகளை மாநகரசபை பொறுப்பேற்றது. 1953இல் அதே சபை மின்சார ரோலிபஸ்களையும் வீதியில் இறக்கியது. எண்ணெய்ப் புகையின்றி மக்களைச் சுமந்து செல்லும் வண்டிகள் மக்கள் தெரிந்தெடுத்த சபையின் கையில் இருந்தன! 1958இல் பஸ் சேவை தேசியமயமாயிற்று. 1960இல் ட்ராம் நின்றது. 1964இல் ரோலிபஸ்ஸும் நின்றது. இன்று உலகப் பெருநகரங்கள் பெரும் பணம் செலவிட்டு மின்சார வண்டிகளைத் தேடுகின்றன. நாமோ கையில் இருந்ததைக் கைவிட்டோம்.

இன்றைய நிலை என்ன? மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்குவது மாகாண அதிகாரசபை. அரசாங்க பஸ்ஸும் புகையிரதமும் மத்திய அரசாங்கத்தின் கீழ். நகரத் திட்டமிடலில் மேலோங்கி நிற்பது 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகாரசபை. மாலபேயிலிருந்து கோட்டை வரை சுமார் 16 கிலோமீற்றர் நீளத்துக்கு மின்சார இலகு ரயில் அமைக்க ஜப்பானியக் கடனுதவிக்கு 2019இல் ஒப்பந்தமாயிற்று. 2020 செப்டெம்பரில் ஜனாதிபதி செயலகத்திலிருந்து சென்ற ஒரு கடிதத்தோடு அத்திட்டம் முடிந்தது. திட்டம் நன்றா தீதா என்பதன்று இங்கு வாதம். அந்த ரயிலில் ஏறவேண்டிய மக்களின் சபைக்கு அம்முடிவில் யாதொரு பங்கும் இருக்கவில்லை என்பதே வாதம்.

மின்சாரத்தைப் பார்ப்போம். கொழும்பின் குளிரூட்டிகள் ஓடுவது கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலையில், 900 மெகாவாட் வலுவுடைய நிலையத்தில் எரியும் நிலக்கரியாலும்தான். வசதி இங்கே, சாம்பல் அங்கே. நகரவாசிகள் இதற்குப் பரிகாரம் தேட மறுக்கவில்லை. 2016இல் அரசாங்கமே தொடக்கிய சூரிய மின்சாரத் திட்டத்தை நம்பிப் பலர் கடன்பட்டுக் கூரைமேல் மின்தகடு பொருத்தினர். 2025 ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையின்போது, அவற்றைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை அவர்களையே கேட்டது. மின்தேவை குறைந்த நாட்களில் மின்வலையமைப்பு தளம்பும் என்பது அது கூறிய காரணம். காரணம் மெய்யே. ஆனால், உபரி மின்சாரத்தைச் சேமிக்கும் மின்கலங்களைப் போதிய அளவில் நிறுவியிருக்க வேண்டியவர் யார்? குடிமக்கள் தம் பங்கைச் செய்தனர். அரசாங்கம் தன் பங்கைச் செய்யவில்லை.

குப்பையின் கதை இதனினும் கொடியது. சமையலறைக் கழிவு மலைபோல் குவிந்து காற்றின்றி அழுகும்போது மெதேன் வாயு பிறக்கின்றது; நூறாண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பத்தைத் தேக்கவல்லது. கொழும்பின் குப்பை கொலன்னாவை எல்லைக்குள், மீத்தொட்டமுல்லையில், ஏழைகளின் வீடுகளுக்கு அருகே குவிக்கப்பட்டது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு தினத்தன்று, அம்மலை சரிந்து 32 உயிர்களைக் கொண்டது. அதன்பின் கண்ட தீர்வு யாது? குப்பையைப் புகையிரதத்தில் ஏற்றிப் புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டுக்கு அனுப்புவதாம்! புத்தளம் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினர். நிலக்கரியையும் அவர்கள் தாங்கவேண்டும், தலைநகரின் குப்பையையும் அவர்களே தாங்கவேண்டும் என்பது எந்த நீதி? 2021இல் கெரவலப்பிட்டியில் குப்பையிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது உண்மையே. எனினும், ஈரக் கழிவை வீட்டு வாசலிலேயே பிரித்துப் பசளையாக்குவதற்கு ஈடான மலிவான வழி வேறில்லை.

இவற்றையெல்லாம் கேட்கச் சபையாவது இருந்ததா? 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது; திறைசேரியில் பணமில்லை என்று தேர்தல் நிறுத்தப்பட்டது. அது மக்களின் அடிப்படை உரிமை மீறல் என 2024 ஆகஸ்டில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதிதான். இரண்டாண்டுக்கு மேலாகச் சோலைவரி கட்டியவர்களுக்குப் பிரதிநிதி இல்லை. மேல் மாகாண சபையின் காலமோ 2019இல் முடிந்தது. ஆறாண்டு கழிந்தும் அதற்குத் தேர்தல் வைக்கப்படவில்லை. கேட்பாரற்ற நிர்வாகத்திடம் முப்பதாண்டுத் திட்டத்தை எதிர்பார்ப்பது மணலில் கயிறு திரிப்பதாகும்.

அதிகாரம் பெற்ற நகரம் என்ன செய்யும் என்பதற்கு டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகன் சான்று. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் அந்நாடும் நம்மைப்போல் திண்டாடியது. 1979இல் அதன் பாராளுமன்றம் வெப்ப வழங்கல் சட்டத்தை இயற்றியது. வீடுகளைப் பொது வெப்பக் குழாயுடன் இணைக்குமாறு கட்டளையிடும் உரிமையை அச்சட்டம் நகரசபைகளுக்கு அளித்தது. இன்று அந்நகரின் வெப்பத் தேவையில் ஏறக்குறைய 98 வீதம் அவ்வழியே நிறைவேறுகின்றது. 2000இல் கரைக்கு அப்பால் கடலில் எழுந்த 20 காற்றாலைகளின் பாதி, 8,500க்கு மேற்பட்ட பங்குதாரரைக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமாயிற்று. அந்நகரமும் எல்லாவற்றிலும் வெல்லவில்லை. 2025க்குள் கரியமிலவாயுக் கணக்கைச் சமன் செய்வோம் என்ற இலக்கை 2022இல் கைவிட நேர்ந்தது. குப்பை எரிநிலையத்தின் புகையிலிருந்து கரியமிலவாயுவைப் பிடிக்கும் திட்டம் அரசாங்க நிதியின் நிபந்தனைகளுக்கு இசையாமையே காரணம். அங்கும் நகரம் தடுக்கிய இடம் மத்திய அரசாங்கத்தின் வாசற்படிதான்.

நமது மாநகரசபையிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் ஊழல் பெருகும் என்பர் சிலர். மத்தியில் ஊழல் இல்லை என்று அவர்களால் சத்தியம் செய்ய முடியுமா? அருகிலுள்ள சபையை வரியிறுப்பாளன் நேரில் கண்டு கேட்கலாம், தேர்தலில் தள்ளலாம். தொலைவிலுள்ள அமைச்சை அவன் எங்கே காண்பது?

ஆகவே நாம் கோருவன இவை: நகரப் பஸ் வழிகளையும் நேரசூசியையும் வகுக்கும் அதிகாரம் கொழும்பினதும் அயற்சபைகளினதும் பிரதிநிதிகள் அமர்ந்த ஒரு கூட்டுச் சபைக்கு வரவேண்டும். கூரை மின்சாரம் தரும் வீட்டுக்கும் கழிவைப் பிரித்துத் தரும் வீட்டுக்கும் சோலைவரியில் கழிவு வேண்டும். பெருங்கட்டிடங்களின் அனுமதிப்பத்திரத்தில் சூரிய மின்சாரமும் அதனைச் சேமிக்கும் மின்கலமும் நிபந்தனையாகவேண்டும். மாகாண சபைத் தேர்தல் தாமதமின்றி நடக்கவேண்டும்.

நகரமக்களுக்கும் கடமை உண்டு. குப்பையைப் பிரியுங்கள்; இயன்றவிடத்துப் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் செல்லுங்கள். அத்தோடு நில்லாது உங்கள் வட்டார உறுப்பினரின் கதவைத் தட்டி, மேற்கூறிய கோரிக்கைகளுக்கு அவர் சபையில் என்ன செய்தார் என்று கேளுங்கள். ஒரு விளக்கை அணைப்பவன் ஒரு வீட்டின் புகையைக் குறைக்கின்றான். சபையைக் கேள்வி கேட்பவனோ ஒரு நகரத்தின் புகையைக் குறைக்க வழிசெய்கின்றான்.