மைதானத்தைப் பூட்டிவிட்டு மதிப்பெண் கேட்பவர்கள்

சென்ற இதழில் வந்த ‘வடசென்னைப் பெண்களுக்கு ரக்பி எதற்கு?’ கட்டுரையைப் படித்தேன். விளையாட்டுத் துறையில் நெடுநாள் பழகியவர் எழுதியது என்று அறிமுகக் குறிப்பு சொன்னதால் மரியாதையோடுதான் படிக்க உட்கார்ந்தேன். முடித்து எழுந்தபோது அந்த மரியாதை மிச்சமில்லை. இந்தியப் பெண்கள் ரக்பி உருப்படாது என்று தீர்ப்பு எழுதியவர், அந்த ஆட்டத்தை ஆடும் ஒரு பெண்ணின் பெயரைக்கூட எழுதவில்லை. ஆள் யாரென்று தெரியாமலேயே ஜாதகம் கணித்துவிட்டார்.

அவர் சொல்வது நான்கு. ஒன்று, இந்தியப் பெண்கள் போகிற இடமெல்லாம் தோற்கிறார்கள். இரண்டு, முட்டி மோதி விழுந்து புரளும் ஆட்டம் பெண்ணுடம்புக்கு ஆகாது. மூன்று, இது வெள்ளைக்காரன் ஆட்டம், நமக்குக் கபடி இருக்கிறது. நான்கு, பார்க்க ஆளில்லாத ஆட்டத்துக்குச் செலவழிப்பது வீண். ஆகவே மாத்தூர், மணலி, எண்ணூர்ப் பிள்ளைகளை இதில் இழுத்துவிடுவது அவர்கள் வாழ்க்கையோடு விளையாடுவது என்று முடிக்கிறார். நான் மாத்தூர்க்காரன். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக அவர் இவ்வளவு கவலைப்பட்டபிறகு பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையாகாது.

முதலில் தோல்வி. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 2023 செப்டம்பரில் ஹாங்காங்கிடம் 0–38, ஜப்பானிடம் 0–45 என்று இந்தியப் பெண்கள் தோற்றதை எடுத்துக்காட்டுகிறார். எண்கள் உண்மைதான். ஆனால் அந்த இரண்டு எண்ணைப் பொறுக்கிய கை, பக்கத்தில் கிடந்த மற்ற எண்களைத் தொடவில்லை. இந்தியப் பெண்கள் அணி பதினைந்து பேர் ஆடும் முழு ரக்பியில் முதன்முதலாக இறங்கியது 2018-இல், சிங்கப்பூரில். ஆடிய இரண்டிலும் தோல்வி. அடுத்த ஆண்டே மணிலாவில் அதே சிங்கப்பூரை 21–19 என்று வென்று வெண்கலம் வாங்கியது. கடைசி நிமிடங்களில் சுமித்ரா நாயக் உதைத்த பெனால்டி அந்த வெற்றியைத் தந்தது. ஏழு பேர் ஆடும் செவன்ஸில் 2022-இல் ஜகார்த்தாவிலும் 2024-இல் காத்மாண்டுவிலும் ஆசியக் கோப்பைப் போட்டிகளில் வெள்ளி. 2025 ஆகஸ்டில் பிகாரின் ராஜ்கீரில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் ஆசிய செவன்ஸில் வெண்கலம். ஜகார்த்தாவும் காத்மாண்டுவும் ஆசியாவின் இரண்டாம் அடுக்குப் போட்டிகள். அதை மறைக்க எனக்கு அவசியமில்லை. இரண்டாம் அடுக்கில் ஏறாமல் முதல் அடுக்குக்கு எவரும் குதித்ததில்லை.

எந்த ஜப்பானிடம் தோற்றதைச் சொல்லி நம் பெண்களைச் சிறுமைப்படுத்துகிறாரோ, அந்த ஜப்பானின் கதையையும் அவர் தெரிந்துகொள்ளலாம். 1995 உலகக் கோப்பையில் நியூசிலாந்து ஜப்பான் ஆண்களை அடித்த கணக்கு 145–17. நம்மவர் அன்று ஜப்பானில் இருந்திருந்தால், கட்டையான உடம்புக்காரர்களுக்கு இந்த ஆட்டம் ஒத்துவராது, சுமோ போதும் என்று எழுதியிருப்பார். அங்கே அந்த யோசனையை யாரும் கேட்கவில்லை. பள்ளிகளிலும் நிறுவன அணிகளிலும் ரக்பியைத் தொடர்ந்து ஆடினார்கள். இருபது ஆண்டு கழித்து 2015 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவை 34–32 என்று சாய்த்தார்கள்.

ஜப்பான் தூரம் என்றால் நம் வீட்டுக்கே வருவோம். 1978-இல் பெண்கள் கிரிக்கெட் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது நம் அணி ஆடிய மூன்று ஆட்டத்திலும் தோற்றது. கிரிக்கெட் வாரியம் பெண்கள் ஆட்டத்தைத் தன் பொறுப்பில் எடுக்கவே 2006 ஆயிற்று. பெண்களுக்கான பிரீமியர் லீக் வந்தது 2023-இல். 2025 நவம்பர் 2-ஆம் தேதி நவி மும்பையில் உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். அன்றிரவு நாடே வெடி வெடித்தது. கட்டுரையாளரும் வெடித்திருப்பார். 1978-இல் அவர் கொள்கை செல்லுபடியாகியிருந்தால் அந்த வெடிக்கு வேலையே இருந்திருக்காது.

தோல்விக்குக் காரணம் பெண்ணென்பதா, பயிற்சியில்லை என்பதா? இதற்கு விடை இந்திய வரைபடத்திலேயே இருக்கிறது. தேசிய அணிக்குப் பெண்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பாருங்கள். சுமித்ரா நாயக் படித்தது புவனேசுவரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கான கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில். அங்கே விடுதி உண்டு, சாப்பாடு உண்டு, ரக்பி கிரவுண்டும் கோச்சும் உண்டு. ஹாக்கிக்குக் கைகொடுத்தது போலவே ஒடிசா அரசு ரக்பிக்கும் கைகொடுத்தது. 2019-இல் உலகின் சிறந்த இளம் வீராங்கனை என்று பெண்கள் ரக்பிக்கான ஸ்க்ரம்குவீன்ஸ் இணையதளம் தேர்ந்தெடுத்த சுவீட்டி குமாரி, பிகாரின் பாட் என்னும் சிற்றூர்க்காரர். அந்த மாநிலத்தில் பதக்கம் கொண்டுவந்தால் அரசு வேலை என்று ஒரு திட்டமே இருக்கிறது. ரக்பி வீராங்கனைகளும் அதில் வேலை பெற்றிருக்கிறார்கள். மேற்கு வங்கத்தில் சிலிகுரிக்குப் பக்கத்தில் சரஸ்வதிபூர் என்று ஒரு தேயிலைத் தோட்டம். கொல்கத்தாவின் ஜங்கிள் குரோஸ் கிளப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் அங்கே பந்தைக் கொண்டுபோனது. கொழுந்து பறிப்பவர்களின் மகள்கள் தேசிய அணி வரை போனார்கள்.

ஒடிசாப் பெண்ணுக்கும் பிகார்ப் பெண்ணுக்கும் மாத்தூர்ப் பெண்ணுக்கும் எலும்பு ஒன்றுதான். அங்கே பந்து, கிரவுண்டு, கோச், சாப்பாடு, வேலை என்று வரிசையாக ஒன்று நடந்தது. இங்கே நடக்கவில்லை. நடக்காததற்குப் பொறுப்பு சொல்ல வேண்டியவர்களை விட்டுவிட்டு, அந்த வாய்ப்பே வராத பிள்ளைகளிடம் போய் ‘உன்னால் முடியாது’ என்கிறார் கட்டுரையாளர். பயிற்சி தராதவர்களே தேர்வு வைத்து, பூஜ்யம் போட்டு, அந்தப் பூஜ்யத்தைச் சாட்சியாகவும் காட்டுகிற வித்தை இது. அவருடைய மற்ற மூன்று வாதங்களும் இதே வித்தையின் வேறு வேறு வடிவங்கள்.

பெண்ணுடம்பு. இதைப் படித்தபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. காசிமேட்டில் விடிகாலையில் மீன் கூடை சுமக்கும் பெண்ணின் கழுத்தெலும்பைப் பற்றி இவர் என்றாவது எழுதியிருக்கிறாரா? சித்தாள் வேலையில் செங்கல்லைத் தலையில் அடுக்கி மாடி ஏறும் பெண்ணின் கருப்பையைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறாரா? மணலி விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போகும் எங்கள் பிள்ளைகளின் உயிர் அவர் கணக்கில் வருகிறதா? 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் எண்ணூர் முகத்துவாரம் வரை மிதந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஊரே மூச்சுத் திணறி ஓடியது. பெண்களும் ஓடினார்கள். அப்போது அவர்களுக்கு நுரையீரல் என்று ஒன்று இருப்பது அவருக்கு நினைவில்லை. அந்தப் பெண்ணே தன் விருப்பத்துக்கு ஒரு பந்தைக் கையில் எடுத்து ஓடினால் மட்டும் உடம்பு, எலும்பு, கல்யாணம் எல்லாம் ஒரே மூச்சில் ஞாபகம் வந்துவிடுகிறது. உழைக்கும்போது இரும்பாக இருந்த உடம்பு விளையாடும்போது மட்டும் கண்ணாடியாகிவிடுமா?

ரக்பியில் அடிபடும். தலையில் படும் அடி லேசான விஷயமே இல்லை. அதனால்தான் தோளுக்கு மேலே பிடிப்பது விதிப்படி குற்றம். மேல்மட்டப் போட்டிகளில் 2024 முதல் மோதலின் தாக்கத்தை அளக்கும் கருவி பொருத்திய பல்கவசம் பயன்பாட்டுக்கு வந்திருக்கிறது. புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு, ஆளைப் பிடித்துச் சாய்க்கும் டேக்கிள் இல்லாமல் தொட்டாலே போதும் என்கிற டச் ரக்பி இருக்கிறது. இதில் கட்டுரையாளர் கேட்டிருக்கக்கூடிய நியாயமான கேள்வி ஒன்று உண்டு. கல்லும் கண்ணாடிச் சில்லும் கிடக்கும் எங்கள் பகுதி கிரவுண்டில் எப்படி விழுந்து ஆடுவது? அதைக் கேட்டிருந்தால் நானும் அவர் பக்கம் நின்றிருப்பேன். ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் புல்தரை, முதலுதவி, படித்த கோச். ‘வீட்டுக்குப் போ’ என்பது அதற்குப் பதில் ஆகாது.

அடுத்தது வெள்ளைக்காரன் ஆட்டம். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒவ்வோர் ஆண்டும் போட்டி போடும் கோப்பையின் பெயர் கல்கத்தா கோப்பை. கல்கத்தாவில் ரக்பி கிளப் ஒன்று மூடப்பட்டபோது, வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி 1878-இல் செய்து கொடுத்தது. கைப்பிடிகள் மூன்றும் நாகப்பாம்பு, மூடியில் யானை. அந்தச் சண்டைக்கே வெள்ளி போனது இங்கிருந்துதான். அதை விடுங்கள். ராயபுரத்துக் குத்துச்சண்டை எந்தச் சங்க இலக்கியத்தில் இருக்கிறது? வியாசர்பாடிப் பிள்ளைகள் உயிரை விடும் கால்பந்து மதுரையிலா பிறந்தது? அவற்றை வடசென்னையின் பெருமை என்று அதே கட்டுரையில் இரண்டு பத்தி முன்புதான் புகழ்ந்தார். ஆண்கள் ஆடினால் மண்ணின் மரபு, பெண்கள் கேட்டால் அந்நிய மோகம்.

கபடிப் பாசத்தையும் கொஞ்சம் உரசிப் பார்ப்போம். ஆண்களுக்கு ப்ரோ கபடி 2014-இல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. பெண்களுக்கு 2016-இல் மூன்றே அணிகளை வைத்து ஒரு போட்டி நடத்தினார்கள். அத்தோடு அது நின்றது. அது நின்றபோது ‘நம் கபடி’ என்று கட்டுரையாளர் ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை. கண்ணகி நகர் கார்த்திகா 2025 அக்டோபரில் பஹ்ரைனிலிருந்து ஆசிய இளையோர் கபடித் தங்கத்தோடு வந்த பிறகுதான் அந்தப் பகுதியில் கபடி ஆடும் பெண்கள் இருப்பதே பலருக்குத் தெரிந்தது. ரக்பி கேட்கிற பிள்ளைக்குக் கபடியைக் காட்டுவார்கள். கபடிக்கு வசதி கேட்டால் படிப்பைக் காட்டுவார்கள். இடுப்பைப் பிடித்து ஆளைச் சாய்க்கத் தெரிந்த கபடிக்காரிக்கு ரக்பியின் டேக்கிள் பாதி தெரிந்த வித்தைதான். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். மோத விடுகிறவர் இவர்தான்.

கடைசியாக, பார்க்க ஆளில்லை, பணம் வீண். 1991-இல் வேல்ஸில் பெண்களின் முதல் ரக்பி உலகக் கோப்பை நடந்தபோது சர்வதேச சங்கம் அதற்கு அங்கீகாரமே தரவில்லை. கையில் காசில்லாத சோவியத் வீராங்கனைகள் வோட்காவையும் மீன் முட்டையையும் கொண்டுவந்து விற்றுச் செலவைச் சமாளிக்கப் பார்த்தார்கள். 2019-இல் இங்கிலாந்து தன் பெண்களில் இருபத்தெட்டுப் பேருக்கு முழுநேரச் சம்பளம் போட்டது. 2025 செப்டம்பர் 27-இல் டுவிக்கனம் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதியாட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 81,885 பேர். சம்பளம் முன்னால் வந்தது, கூட்டம் பின்னால் வந்தது. இறுதியில் இங்கிலாந்திடம் தோற்ற கனடா பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் அந்த மைதானம் வரை வந்தது. அது பணக்கார நாடு, அவர்களோடு நமக்கென்ன என்பார். சரி, ஃபிஜி? மொத்த ஜனத்தொகை பத்து லட்சத்தைத் தொடாத தீவு நாடு. அதன் பெண்கள் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார்கள்.

நம் நாட்டில் பணமே இல்லையா என்றால், இருக்கிறது. 2025 ஜூனில் மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. ஆறு அணிகள், வெளிநாட்டு நட்சத்திரங்கள், தொலைக்காட்சி ஒளிபரப்பு. முதல் பட்டத்தை வென்றதே சென்னை புல்ஸ் என்ற அணிதான். அந்த முதல் லீக்கில் பெண்களுக்கு ஓர் அணிகூட இருக்கவில்லை. சென்னையின் பெயரைத் தாங்கிய கோப்பை ஒன்று இருக்கும்போது, சென்னையின் வடகோடியில் இருக்கும் ஒரு பெண் பிள்ளைக்கு அந்தப் பந்தைத் தொட்டுப் பார்க்க வழி இருக்கிறதா என்பதுதான் கட்டுரைக்கு உரிய விஷயம். பெண்கள் ரக்பிக்குச் செலவழித்துப் பணம் வீணாகிறது என்கிறவர், எங்கே யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்று ஒரு கணக்காவது காட்டியிருக்கலாம். காட்டமாட்டார். செலவழிக்காத பணம் எப்படி வீணாகும்?

எங்களுக்கு வேண்டியதை நேராகவே சொல்கிறேன். மாத்தூர், மணலி வட்டாரத்தில் மாநகராட்சி கிரவுண்டு ஒன்றில் வாரத்தில் சில மாலைகள் பெண் பிள்ளைகளுக்கென்றே எழுதி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் கிரிக்கெட் ஆடும் அண்ணன்மார் வந்து ஸ்டம்பை ஊன்றக் கூடாது. விளக்கு எரிய வேண்டும், கழிவறைக்குக் கதவும் தாழ்ப்பாளும் வேண்டும். மாநிலச் சங்கத்திலிருந்து பயிற்சி பெற்ற ஒரு கோச், முடிந்தால் பெண் கோச், வர வேண்டும். பயிற்சி முடிந்ததும் பிள்ளைகளுக்குச் சுண்டலும் முட்டையும் கிடைக்க வேண்டும். பள்ளி பி.டி. டீச்சர்கள் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாரிடம் கொடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். இதற்கு ஆகும் செலவை ஒரு கட்சி மாநாட்டின் பேனர் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையைக் கட்டுரையாளருக்கே விடுகிறேன்.

இவ்வளவையும் பத்து ஆண்டு தந்துவிட்டு, அதன்பிறகும் எங்கள் பிள்ளைகள் தோற்றுக்கொண்டே இருந்தால், அதே தலைப்பில் அவர் மறுபடி எழுதட்டும். அப்போது அதில் பிள்ளைகளின் பெயர்களும் இருக்கும், அவர் விமர்சனத்துக்கு ஒரு பெறுமதியும் இருக்கும். அதுவரை தோல்வியைப் பற்றிப் பேசும் தகுதி களத்தில் இறங்கித் தோற்றவர்களுக்குத்தான் உண்டு. வாசலை மறித்து நிற்பவர்களுக்கு இல்லை.