எல்லாத்துக்கும் டோபமைன்தான் காரணமா? சுண்டெலி மூளை சொல்லும் பதில்

ரீல்ஸை நிறுத்த முடியலையா? டோபமைன்! ஸ்வீட்டைப் பார்த்தாலே கை நீளுதா? அதுவும் டோபமைன்! சமூக வலைதளங்களில் எல்லாப் பழக்கத்துக்கும் இந்த ஒற்றை வேதிப்பொருள்மீதே பழி விழுகிறது. ஆனால், 2024 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு, இதில் செரோடோனினுக்கும் முக்கியப் பங்கு உண்டு என்கிறது.

என்ன செய்தார்கள்?

ஒலியும் ஒளியும் வந்தால் இனிப்பு நீர் கிடைக்கும் என்று சுண்டெலிகளுக்குப் பழக்கினார்கள். இனிப்பு கிடைத்த நேரத்தில், மூளையின் ‘நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ்’ பகுதியில் டோபமைன் கூடியது; செரோடோனின் குறைந்தது.

அடுத்து, நரம்பு செல்களை ஒளியால் கட்டுப்படுத்தும் நுட்பத்தில் இந்த இரு மாற்றங்களையும் மட்டுப்படுத்தினார்கள். சுண்டெலிகளால் சரியாகக் கற்றுக்கொள்ள முடியவில்லை. ஒன்றை மட்டும் மீட்டுக் கொடுத்தது முழுப் பலன் தரவில்லை. இரண்டும் சேர்ந்து இருந்தபோதுதான் பாடம் நன்றாக மண்டையில் ஏறியது.

பைக்கை நகர்த்துவது போலத்தான் இது. ஆக்சிலரேட்டரை முறுக்கினால் மட்டும் போதாது. கிளட்சையும் விட வேண்டும்.

டோபமைன் என்றால் மகிழ்ச்சி இல்லையா?

அதுவும் பாதி உண்மைதான். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் குழு, டோபமைன் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகளைச் சோதித்தது. அவை தாமாகச் சாப்பிடவே இல்லை. ஆனால், வாயில் இனிப்பு நீரை விட்டதும் வழக்கம்போல நாக்கைச் சுழற்றி ருசித்தன. அதாவது, ‘வேணும்’ என்ற தவிப்பு வேறு, ‘நல்லா இருக்கு’ என்ற ருசி வேறு. டோபமைனின் பெரிய வேலை முதலாவது. இரண்டாவதில் மூளையின் ஓபியாய்டு அமைப்புக்கு முக்கியப் பங்கு உண்டு.

நமக்கு என்ன?

மன அழுத்தத்துக்குப் பரவலாகத் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. மாத்திரைகள் செரோடோனின் அமைப்பில் வேலை செய்பவை. கொகைன் போன்ற போதைப்பொருள்கள் டோபமைனை அளவுக்கு மீறிக் கூட்டுபவை. இரு அமைப்புகளும் எதிரெதிராக இழுப்பவை என்றால், சிகிச்சை தேடுபவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.

சுண்டெலி மூளை மனித மூளை அல்ல. இதை வைத்து யாரும் மாத்திரையை நிறுத்தவோ மாற்றவோ கூடாது. அது மருத்துவரின் முடிவு. ஆனால், ஒரு வாரம் போனைத் தள்ளிவைத்தால் ‘டோபமைன் சுத்தமாகிவிடும்’ என்று அடுத்த ரீல் சொன்னால், தாராளமாகச் சந்தேகப்படலாம். போனைத் தள்ளிவைப்பது நல்ல பழக்கமாக இருக்கலாம். ஆனால், ஒற்றை ரசாயனத்தைக் கழுவிவிடுகிற வேலை அல்ல அது.