ரோஸ்மில்க் நிறத்தில் கியர் எண்ணெய்



2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பெய்த பெருமழையையும், 2023ஆம் ஆண்டு டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயல் கொணர்ந்த வெள்ளத்தையும் சென்னை மக்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர், அம்பத்தூர்ப் பகுதிகளில் வீட்டுக்குள் புகுந்த நீரை இறைத்தோம். நனைந்த மெத்தைகளை வெயிலில் உலர்த்தினோம். வாசலில் நின்ற காரோ வெளிப்புறம் காய்ந்ததும் நலமாகவே தோன்றியது. அதன் உள்நோய் பல நாட்களுக்குப் பின்னரே வெளிப்படுவதுண்டு.

வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரி வழியே போகிறது. அதில் ஓடும் கார்களுள் கிளட்ச் மிதி இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டிகளையும் இன்று மிகுதியாகக் காண்கிறோம். வங்கிக் கடனில் வாங்கிய வண்டியாயினும், வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கும் வண்டியாயினும், அதன் கியர் பெட்டி பழுதானால் ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு கரைந்துவிடும். அப்பழுதுக்குக் காரணமாகும் ஒன்றை இம்மாதம் காண்போம். அது கியர் எண்ணெயில் கலக்கும் நீர்.

சாதாரணக் கியர் பெட்டியில் எண்ணெயின் வேலை பெரும்பாலும் பற்சக்கரங்கள் தேயாமல் காப்பதே. ஆட்டோமேட்டிக் பெட்டியிலோ அந்த எண்ணெயே வேலைக்காரன். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றால் மற்றதும் சுழலும் அல்லவா? அவ்வாறே எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வாயிலாகக் கியருக்குக் கொடுக்கும் உறுப்பை டார்க் கன்வெர்ட்டர் என்பர். உள்ளிருக்கும் கிளட்ச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும் அதே எண்ணெயின் அழுத்தந்தான். உராய்வின் வெப்பத்தை வெளியே கொண்டு செல்வதும் அதுவே. அமெரிக்காவில் 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் இவ்வகைக் கியர் 'ஹைட்ரா-மேட்டிக்' என்னும் பெயருடன் பெருமளவில் விற்பனைக்கு வந்தது முதல் இந்த அடிப்படை மாறவில்லை.

ஐயம் எழுந்தால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: நீர் கலந்துள்ளதா? எவ்வழியே வந்தது? கலந்தபின் வண்டி எவ்வளவு ஓடியது? முதற்கேள்வியோடு நின்றுவிடுவோரே மிகுதி. பணம் வீணாவதும் அதனாலேயே.

முதலில் நீர் கலந்துள்ளதா என்பதைப் பார்ப்போம். எஞ்சின் எண்ணெயிலிருந்து வேறுபடுத்தி அறிவதற்காக ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெய்க்குப் பெரும்பாலும் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். நல்ல எண்ணெய் கண்ணாடிபோல் தெளிந்த செந்நிறமாக இருக்கும். நீர் கலந்தால் அது கலங்கி, நம் ஊர்க் கடைகளில் விற்கும் ரோஸ்மில்க் போன்ற வெளிறிய இளஞ்சிவப்பாகிவிடும். கருத்துத் தீய்ந்த நாற்றம் வீசினால் அது நீரன்று. அளவு மீறிய வெப்பத்தின் அடையாளம்.

ஆயினும் நிறத்தை மட்டும் நம்பலாகாது. எண்ணெய் அளவுக்கு மிஞ்சி ஊற்றப்பட்டாலும் காற்றுக் கலந்து நுரைக்கும். ஆகவே ஒரு சுத்தமான கண்ணாடிக் குப்பியில் சிறிது எண்ணெயை எடுத்து ஓரிரவு அசையாமல் வையுங்கள். காற்று நுரையாயின் அடங்கி எண்ணெய் தெளியும். நீராயின் கலங்கலாகவே நிற்கும். சில வேளை அடியில் நீர் தனியே தங்குவதும் உண்டு. அடியில் நீர் தங்கவில்லை என்பதற்காக நீரே இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். மோர்போலக் கலந்துவிட்ட நீர் எளிதில் பிரியாது.

மற்றொரு சோதனை மெக்கானிக்குகள் செய்வது. சூடான இரும்புத் தட்டில் இரண்டொரு துளி எண்ணெயை விடுவார்கள். தாளிக்கும் எண்ணெயில் ஈரக் கறிவேப்பிலை விழுந்தாற்போல் சடசடவென வெடித்தால் நீர் உண்டு. எண்ணெய் கொதிக்காத சூட்டிலேயே நீர் ஆவியாகிவிடுவதே காரணம். இதை நெருப்பருகில் செய்யலாகாது. கண்ணுக்குக் காப்பும் வேண்டும். அடுக்களையில் வேண்டவே வேண்டாம். எவ்வளவு நீர் என்று திட்டமாக அறிய விரும்புவோர், எண்ணெய்ப் பரிசோதனைக் கூடத்தில் கார்ல் ஃபிஷர் முறைப்படி அளந்து கொள்ளலாம்.

இங்கு ஒரு எச்சரிக்கை. ஆட்டோமேட்டிக் என்று சொல்லப்படுபவை யாவும் ஒன்றல்ல. 2014இல் மாருதி செலெரியோ காரோடு நம் நாட்டில் பரவத் தொடங்கிய ஏ.எம்.டி. வகை, உண்மையில் சாதாரணக் கியர் பெட்டியே. கிளட்சை மிதிக்கும் வேலையை இயந்திரம் செய்கிறது. அதில் சிவந்த எண்ணெயைத் தேட வேண்டாம். சி.வி.டி. வகையின் எண்ணெய் வேறு நிறமாகவும் இருக்கலாம். பல புதிய வண்டிகளில் அளவு பார்க்கும் கம்பியும் கிடையாது. வண்டியோடு தந்த கையேட்டைப் படித்து, வேண்டுமாயின் மெக்கானிக்கைக் கொண்டே எண்ணெய் எடுங்கள்.

அடுத்தது வழி. வெள்ளம் ஒரு வழி. கியர் பெட்டி மூச்சு விடுவதற்கென மேற்புறம் ஒரு சிறு துவாரம் உண்டு. ஓடிச் சூடேறிய பெட்டி குளிர்ந்த வெள்ளத்தில் திடீரென மூழ்கும்போது, உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அத்துவாரத்தின் வழியே நீரை உள்ளிழுக்கும்.

வெள்ளமே காணாத வண்டியிலும் நீர் புகும் வழி ரேடியேட்டர். பல வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் உள்ளேயே அமைந்திருக்கிறது. அது விரிசலுற்றால் எண்ணெயும் கூலண்ட் நீரும் கலந்துவிடும். எஞ்சினை நிறுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் இறங்கிவிடும். ரேடியேட்டரிலோ அழுத்தம் சிறிது நேரம் நிற்கும். அவ்வேளையில் கூலண்ட் கியர் பெட்டிக்குள் தள்ளப்படும். அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃபிரான்டியர் வண்டிகள் பலவற்றில் இக்கோளாறு நேர்ந்தது. ரேடியேட்டருக்கான உத்தரவாதத்தை நிறுவனம் 2010இல் 8 ஆண்டு அல்லது 80,000 மைல் என நீட்டித்தது, வழக்குகளும் நடந்தன.

வெளியே ஒழுக்கில்லாமல் கூலண்ட் குறைவதும், கூலண்ட் தொட்டியில் எண்ணெய்ப் படலம் மிதப்பதும் இவ்வழியைக் காட்டும் குறிகள். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தொட்டி நீரில் அமிழ்த்திக் குமிழியைத் தேடுவார் அல்லவா? அவ்வாறே குளிர்விக்கும் குழாயில் காற்றைச் செலுத்தி ரேடியேட்டரில் குமிழி எழுகிறதா என்று மெக்கானிக் பார்ப்பார். குமிழி வந்தால் ரேடியேட்டரை மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் புது எண்ணெய் ஊற்றுவது ஓட்டைப் பானையில் நீர் நிரப்புவதாகும். கூலண்டை முகர்ந்தோ சுவைத்தோ பார்க்க வேண்டாம். அதிலுள்ள கிளைகால் இனிக்கும் நஞ்சு. குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

மூன்றாவது கேள்வியே செலவைத் தீர்மானிப்பது. கிளட்ச் தட்டுகளின் மேலுள்ள உராய்வுப் படலம் காகிதம் போன்ற நாரால் ஆகிப் பசையால் ஒட்டப்பட்டது. அது நீரை உறிஞ்சி ஊறி உரியத் தொடங்கும். கிளைகால் பசையையும் கெடுக்கும். எஃகு துருப்பிடிக்கும். பிறகுதான் கியர் தாமதமாக விழுவதும், எஞ்சின் இரைந்தும் வேகம் கூடாததும், வண்டி உதறுவதும் வரும். ஓட்டாமல் உடனே கண்டுபிடித்தால், எண்ணெயைப் பலமுறை மாற்றிக் கழுவிப் பிழைக்க வைக்க வாய்ப்புண்டு. ஒருமுறை வடித்தால் போதாது. டார்க் கன்வெர்ட்டரில் பெரும்பங்கு தங்கிவிடும். ஓட்டிக் கெடுத்தபின் பெட்டியைப் பிரிப்பதன்றி வேறு வழியில்லை.

ஆதலின் வெள்ளத்தில் நின்ற காரை, 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள். பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். புகைப்படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். நீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் விளைந்த சேதத்தைச் சாதாரணக் காப்பீடு ஏற்க மறுக்கக்கூடும். கயிறு கட்டி இழுக்கவும் வேண்டாம். எஞ்சின் ஓடாதபோது கியர் பெட்டிக்குள் எண்ணெய் ஓடாது. வண்டியை லாரியில் ஏற்றிச் செல்வதே பாதுகாப்பு.

இறுதியாக, விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் ஒரு சொல். மூழ்கிய வண்டியைத் துடைத்து மெருகேற்றி, வெள்ளமறியாத வெளியூரில் விற்பது நடக்கிறது. பழைய கார் வாங்குவோர் கியர் எண்ணெயைப் பார்ப்பதோடு, சீட் பெல்ட்டை முழுதும் இழுத்துச் சேற்றுக் கோடு உண்டா என்றும், தரைவிரிப்பின் அடியில் வண்டல் உண்டா என்றும், இருக்கைத் திருகுகள் துருவேறினவா என்றும் பாருங்கள். விற்போரே, வண்டி எந்த ஆண்டு வெள்ளத்தில் எவ்வளவு உயரம் மூழ்கியது, என்ன பழுது பார்த்தோம் என்பதை எழுதி, ரசீதுகளோடு கொடுத்துவிடுங்கள். விலை சற்றுக் குறையலாம். மறைத்து வாங்கும் அந்தத் தொகையோ, கடன் வாங்கி உங்கள் வண்டியை எடுத்துச் செல்லும் இன்னொரு குடும்பத்தின் சோற்றிலிருந்து வருவது.