வண்டியில் இரண்டாவது பேட்டரி வைக்கிறவர்கள் கவனத்திற்கு



மளிகைக்காரனுக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். படூரிலிருந்து கேளம்பாக்கம், தையூர், கோவளம், நெம்மேலி, பட்டிபுலம் என்று கடற்கரைக் குப்பங்கள் வரை லைன் ஓட்டும் நம்மவர் வண்டிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். குட்டியானை, பிக்கப், மணலில் இறங்க வேண்டிய இடத்துக்கு நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப். இவற்றில் எலெக்ட்ரானிக் தராசு, பில் மெஷின், நாலைந்து எல்.இ.டி. விளக்கு, செல்போன் சார்ஜர்கள், சிலவற்றில் தயிரும் வெண்ணெயும் வைக்கக் குளிர்பெட்டி, எல்லாம் ஓடுகிறது. இத்தனைக்கும் கரண்ட் எங்கிருந்து வருகிறது? என்ஜினைக் கிளப்புவதற்காக வைத்த அந்த ஒரே பேட்டரியிலிருந்துதான்.

அதன் பலன் நமக்கெல்லாம் தெரிந்ததே. முதல் நாள் இரவு பையன்கள் விளக்கைப் போட்டுச் சரக்கு இறக்கியிருப்பார்கள். செங்குன்றத்துக்கு அரிசி எடுக்க விடியற்காலை நாலு மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். செல்ஃப் எடுக்காது. தெருவில் நாலு பேரை எழுப்பி வண்டியைத் தள்ள வேண்டும். காலியான பிக்கப்பைத் தள்ளலாம். இரண்டு டன் சரக்கோடு கோவளத்து மணலில் நிற்கிற வண்டியை யார் தள்ளுவது?

வர்தா புயலை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2016 டிசம்பர் 12. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு, நவம்பர் 8ஆம் தேதி, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கையில் சில்லறை இல்லை என்று கார்டு தேய்க்கும் மெஷினை நம்மில் பலர் அப்போதுதான் வாங்கி வைத்திருந்தோம். புயலில் கம்பங்கள் சாய்ந்து பல நாட்கள் இந்தப் பக்கம் மின்சாரம் இல்லை. மெஷினில் சார்ஜ் இல்லை, தராசு ஓடவில்லை. பழைய படிக்கல் தராசைப் பரணிலிருந்து இறக்கியவர்கள் புத்திசாலிகள். நான் ஜீப்பைக் கடை வாசலில் நிறுத்தி, அதன் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து இரண்டு விளக்கு எரிய வைத்தேன். மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் அரிசியும் வாங்க ஜனங்கள் வந்தபடியே இருந்தார்கள். மூன்றாம் நாள் ஜீப் பேட்டரியும் டவுன். கடையும் இருட்டு, வண்டியும் படுத்துவிட்டது. அன்று இரவுதான் இரண்டாவது பேட்டரி பற்றி முதன்முதலில் யோசித்தேன்.

இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஆஸ்திரேலியாவில் பாலைவனப் பாதைகளில் ஜீப் ஓட்டிப் போகிறவர்கள், குளிர்பெட்டிக்காகவே தனியாக இன்னொரு பேட்டரி வைப்பது வெகுகாலப் பழக்கம். இரவெல்லாம் குளிர்பெட்டி ஓடினாலும் காலையில் வண்டி கிளம்பியாக வேண்டும், இல்லாவிட்டால் அங்கே உயிருக்கே ஆபத்து. நமக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் தேவை அதேதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். "லாரியில்தான் இரண்டு பேட்டரி இருக்கிறதே" என்று சொல்கிறார்கள். லாரியில் இருப்பது 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராகக் கோத்து 24 வோல்ட் ஆக்குவது. இரண்டும் சேர்ந்து ஒரே பேட்டரி என்று கணக்கு. நாம் பேசுவது வேறு. நம் ஜீப்பும் பிக்கப்பும் 12 வோல்ட் வண்டிகள். முதல் பேட்டரி என்ஜினைக் கிளப்ப மட்டும். இரண்டாவது மற்ற எல்லாவற்றுக்கும். என்ஜின் ஓடும்போது டைனமோ இரண்டுக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும். என்ஜின் நின்றதும் இரண்டும் பிரிந்துவிட வேண்டும். பீரோவில் இருக்கும் முதலுக்கும் கல்லாவில் இருக்கும் சில்லறைக்கும் நடுவில் ஒரு பூட்டு இருப்பது போல. பூட்டு இல்லாமல் இரண்டையும் ஒயரால் சேர்த்துக் கட்டினால், இரவில் இரண்டும் சேர்ந்தே காலியாகும். இரண்டு பேட்டரி வாங்கிய செலவுதான் மிச்சம்.

நம் பகுதியில் பல வண்டிகளில் நடப்பது இந்த வேலைதான். முதல் பேட்டரி இரண்டு மூன்று வருடம் ஆனதும் புதிது வாங்குகிறார்கள். பழையதைத் தூக்கிப் போட மனம் வராது. "சும்மாதானே கிடக்கிறது" என்று பின்னால் வைத்து, கைக்குக் கிடைத்த ஒயரால் புதியதோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். சிக்கனம் நம் இரத்தத்தில் ஊறியது, தப்பில்லை. ஆனால் சக்தி போன பேட்டரி சும்மா இருக்காது. பக்கத்தில் இருக்கும் நல்ல பேட்டரியையும் இரவெல்லாம் உறிஞ்சும். ஒரு வருடத்தில் புதியதும் பழையதாகிவிடும். பழைய பேட்டரியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்து, விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட மோசமானது ஒயர் விஷயம். இதை எழுதத் தூண்டியதும் அதுதான்.

நம் லைனில் இருக்கும் நண்பர் ஒருவர், பெயர் வேண்டாம், பிக்கப்பில் இரண்டாவது பேட்டரி வைத்தார். ஒரு பட்டறையில் அரை நாளில் முடித்துக் கொடுத்தார்கள். வீட்டில் பிளக் பாயிண்டுக்கு இழுப்போமே, 2.5 ஸ்கொயர் ஒயர், அதையே முன்னாலிருந்து பின்னால் வரை, சீட்டுக்கு அடியில் மேட்டின் கீழே ஓட்டியிருக்கிறார்கள். பியூஸ் கிடையாது. எட்டு மாதம் நன்றாகத்தான் ஓடியது. சீட் தண்டவாளத்தில் ஒயரின் தோல் தேய்ந்துகொண்டே வந்தது யாருக்கும் தெரியவில்லை. ஒரு நாள் கடற்கரைப் பக்கம் வண்டி மணலில் குலுங்கியபோது செம்பு இரும்பைத் தொட்டது. மேட் எரிந்தது, சீட் எரிந்தது. டிரைவர் பையன் முன்னாலிருந்த பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டான். அப்படியும் புகை நிற்கவில்லை. ஏன் என்றால் மறுமுனையில் இன்னொரு பேட்டரி இருக்கிறதே, அது கரண்டைக் கொடுத்துக்கொண்டே இருந்தது. குப்பத்து ஆட்கள் மணலை வாரிக் கொட்டி அணைத்தார்கள். பையனுக்கு உள்ளங்கை வெந்தது. இரண்டு மாதம் மூட்டை தூக்க முடியவில்லை.

சாதாரண வண்டியில் கரண்டுக்கு ஒரே ஊற்று, ஒரே பக்கத்தில் அடைத்தால் போதும். இரண்டு பேட்டரி வண்டியில் அந்த நடு ஒயருக்கு இரண்டு பக்கமும் ஊற்று. ஆகவே இரண்டு முனையிலும் பியூஸ் வேண்டும். ஒவ்வொன்றும் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். பியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருக்கும் ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை, அதனால்தான் ஒரு சாண் என்கிறேன். விளக்குக்கும் தராசுக்கும் போகிற சின்ன ஒயர்களுக்குத் தனித்தனியே சின்ன பியூஸ்.

ஒயர் எவ்வளவு கனம் என்று பலர் கேட்கிறார்கள். கணக்கு எளிது. காலியான இரண்டாவது பேட்டரியோடு டைனமோ சேரும்போது 50 ஆம்பியர் வரை இழுப்பது சாதாரணம். 2.5 ஸ்கொயர் ஒயர் 4 மீட்டர் ஓடினால், அந்தக் கரண்டுக்கு ஏறக்குறைய 1.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். டைனமோ தருவது 14.2 என்றால் பின்னால் போய்ச் சேருவது 12.8. அதில் பேட்டரி ஒரு நாளும் முழுசாக ஏறாது. வழியில் போன 1.4 வோல்ட் எங்கே போயிற்று? ஒயரைச் சூடேற்றப் போயிற்று. அதே இடத்தில் 25 ஸ்கொயர் செம்பு ஒயர் போட்டால் நட்டம் 0.14 வோல்ட்தான். அந்த ஒயருக்கு 100 ஆம்பியர் பியூஸ் பொருந்தும். விலை கூடத்தான். கூடட்டும். பேட்டரியில் இருபது ஆம்பியர் குறைத்து வாங்குங்கள், ஒயரில் குறைக்காதீர்கள். எர்த் ஒயரும் அதே கனம். துருப்பிடித்த போல்ட்டில் முடியாமல், பெயிண்ட் சுரண்டிய இரும்பில் முடிய வேண்டும்.

நான் சொன்ன பூட்டு, அதாவது இரண்டையும் சேர்த்துப் பிரிக்கிற கருவி, மூன்று விதமாகக் கிடைக்கிறது. கையால் திருப்பும் கட்-ஆஃப் சுவிட்ச் மலிவு. ஆனால் பையன்கள் மறந்துவிடுவார்கள், மறந்தால் பூட்டாத கல்லாதான். வோல்டேஜைப் பார்த்துத் தானே வேலை செய்யும் ரிலே இருக்கிறது. முதல் பேட்டரி 13.3 வோல்ட் அளவுக்கு ஏறியதும் இரண்டையும் சேர்க்கும், 12.8க்கு இறங்கியதும் பிரித்துவிடும். பழைய ஜீப்புக்கும் பழைய பிக்கப்புக்கும் இது போதும். புதிய வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு, சில வண்டிகளில் கம்ப்யூட்டரே டைனமோவைக் கட்டுப்படுத்தி, டீசல் மிச்சம் பிடிக்க வோல்டேஜை இறக்கிவிடுகிறது. ரிலே குழம்பிப்போய் ஓடுகிற வண்டியிலேயே பிரித்துவிடும். அவற்றுக்கு டி.சி.-டி.சி. சார்ஜர் என்று தனிக் கருவி வேண்டும். லித்தியம் பேட்டரி வைப்பவர்களுக்கும் அதுவே கட்டாயம். இல்லாவிட்டால் லித்தியம் இழுக்கிற இழுப்பில் டைனமோ வெந்துபோகும்.

எந்த பேட்டரி என்பதில் ஒரு தவறு அடிக்கடி பார்க்கிறேன். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் உயரமான டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வண்டியில் வைப்பது. மெதுவாகக் கரண்ட் கொடுப்பதற்கு அது நல்லதுதான், ஆனால் மூலையில் அசையாமல் நிற்கப் பிறந்தது. மணலிலும் பள்ளத்திலும் குலுக்கினால் ஆசிட் தளும்பும், உள்ளே தட்டு உதிரும். என்ஜின் கிளப்பும் பேட்டரியோ ஒரே மூச்சில் கொடுத்துவிட்டு உடனே நிரம்பப் பழகியது. தினமும் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் போய்விடும். திரவம் தளும்பாத, ஆழமாக இறக்கி ஏற்றத் தக்க சீல் பேட்டரி என்று கேட்டு வாங்குங்கள்.

அளவு? 100 ஆம்பியர் பேட்டரி என்றால் ஏட்டில் 1200 வாட்-மணி. அதில் பாதி, 600தான் செலவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு, தராசு, பில் மெஷின், செல்போன் எல்லாம் சேர்த்து 70 வாட், 5 மணி நேரம் என்றால் 350. 45 வாட் குளிர்பெட்டி 10 மணி நேரத்தில் பாதி நேரம் ஓடும், அது 225. மொத்தம் 575. சரியாக இருக்கிறது. குளிர்பெட்டியே இல்லாதவர், ஓரிரு விளக்கும் தராசும்தான் என்பவர், இந்தச் செலவே செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்கு நாலு வாங்கி வைத்தால் போதும். பட்டறைக்காரர் சொன்னார் என்பதற்காக யாரும் வைக்காதீர்கள்.

வைக்கிற இடமும் முக்கியம். ஈய பேட்டரி 25, 30 கிலோ இருக்கும். இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும், கயிறு உதவாது. டிரைவர் அறைக்குள் வைத்தால் சார்ஜ் ஏறும்போது வரும் வாயு வெளியே போகக் குழாய் வேண்டும். அது ஹைட்ரஜன், தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆயுத பூஜையன்று பேட்டரி மேலேயே கற்பூரம் ஏற்றும் அன்பர்களைப் பார்த்திருக்கிறேன், பக்தியைப் பம்பர் பக்கம் வைத்துக்கொள்ளலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் நின்ற உயரத்தை நினைவில் வைத்து, பெட்டியை முடிந்தவரை மேலே பொருத்துங்கள். நமக்குக் கடல் காற்று வேறு. டெர்மினலில் உப்புப் பூத்தது போல் வெள்ளையும் பச்சையும் படியும். நம் கடையிலேயே இருக்கும் சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துத் துலக்கி, துடைத்து, வாஸ்லின் தடவுங்கள். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது.

இனி வரவு செலவு. 2025 செப்டம்பர் 22 முதல் ஈய பேட்டரிக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. சரக்கு வண்டிக்கு வாங்கினால் முறையான பில்லில் உள்ளீட்டு வரியை எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவர்களுக்குக் கிடையாது. ஜீப் பயணிகள் வண்டி என்று பதிவாகியிருந்தால் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பில்லை வேறு காரணத்துக்காகவும் பத்திரப்படுத்த வேண்டும். கம்பெனி பொருத்தாத மின் சாதனங்களுக்கு ஐ.எம்.டி. 24 என்ற பிரிவில் கொஞ்சம் கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியில் எழுதி வாங்கலாம். நான் சொன்ன நண்பர் எழுதி வாங்கவில்லை. தீப்பிடித்த பிறகு அவரிடம் கேட்ட முதல் கேள்வியே, "இந்த இரண்டாவது பேட்டரி எப்போது வந்தது?" என்பதுதான். பட்டறையில் பில் வாங்காததால் பதில் சொல்ல அவரிடம் துண்டுச் சீட்டுகூட இல்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரை வரவழைத்து, உறுப்பினர்களின் வண்டிகளைப் பார்வையிடச் செய்ய வேண்டும். பியூஸ் இருக்கிறதா, ஒயர் எங்கே உரசுகிறது, என்ஜின் நின்றதும் இரண்டும் பிரிகிறதா, இதைப் பார்க்க ஒரு வண்டிக்குக் கால் மணி நேரம் போதும். இடம் என் குடோன் வாசல், படூரில் இருபது வண்டி நிற்கும். முதலில் என் ஜீப்பைப் பார்க்கட்டும். அதையும் அந்தக் காலத்தில் மெல்லிய ஒயரில்தான் கட்டி வைத்திருந்தேன், நண்பரின் வண்டி எரிந்த மறுநாள்தான் பிரித்தேன். கழற்றிய ஒயரை வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்குக் காட்டுகிறேன், இரண்டு இடத்தில் தோல் கருகியிருக்கிறது.