அட்டை இருந்தும் அட்வான்ஸா?

"முதலில் பணம் கட்டுங்கள், காப்பீட்டை அப்புறம் பார்க்கலாம்!" சில தனியார் மருத்துவமனைகளில் இந்தக் குரலைக் கேட்காதவர் களியக்காவிளையில் உண்டா?

2009இல் கலைஞர் காப்பீடு, 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீடு, 2018இல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைப்பு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். விதி மாறியது கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாதாம்! 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நம் மளிகைக் கடைக்காரர் பில் புத்தகத்தையே மாற்றினாரே, அவருக்கு யார் அவகாசம் கொடுத்தார்கள்?

சகோதரர்களே! பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு முன் அனுமதி வாங்குவது மருத்துவமனையின் வேலை, நோயாளியின் வேலையல்ல. பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். 1800 425 3993இல் புகார் சொல்லுங்கள். திருவனந்தபுரத்துக்கு வண்டி பிடிக்குமுன், அங்கே நம் அட்டை செல்லுமா என்று விசாரியுங்கள். முதலாளிமாரே, உங்கள் கடைப் பையன்களிடம் அட்டை இருக்கிறதா? இல்லையென்றால் வருமானச் சான்றுக்கு நாளையே ஒருநாள் லீவு கொடுங்கள், சம்பளம் பிடிக்காமல்.